மேடைக்குப் பின்னால் உழைக்கும் மாணவருக்கு ஒரு பக்க ரெஸ்யூமே

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில், கேம்ஸ் எல்லாம் விளையாடி முடித்த பின்னர், உருப்படியாகத் தயாரிக்கப்படும் முதல் டாகுமெண்ட் பெரும்பாலும் ரெஸ்யூமேயாகத்தான் இருக்கும். வேர்ட் புரோகிராமைத் திறந்து, அதில் தரப்பட்டிருக்கும் ரெடிமேட் டெம்ப்ளேட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காலியாக உள்ள இடங்களை நிரப்பினால் வேலை முடிந்தது என்று பலரும் எண்ணுகிறோம். அலுவலக வேலைக்கு இது போதும். ஆனால் நாடகத்தில் அரங்க அமைப்பு, ஒளியமைப்பு, ஒலியமைப்பு, ஆடை வடிவமைப்பு, மேடை நிர்வாகம் போன்ற பணிகளைக் கற்றுக் கொள்ளும் மாணவருக்கு இந்த டெம்ப்ளேட் பெரிய அநீதியைச் செய்துவிடும்.

அந்த டெம்ப்ளேட்டில் "பணி அனுபவம்" என்ற தலைப்பின் கீழ் நிறுவனத்தின் பெயர், பதவி, பணியாற்றிய காலம் ஆகியவை கேட்கப்படும். மாணவர் எந்த நிறுவனத்திலும் சம்பளத்திற்கு வேலை பார்த்திருக்க மாட்டார். எனவே அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். மூன்று ஆண்டுகளில் எட்டு நாடகங்களுக்கு இரவு பகலாக உழைத்தது, கடைசியில் "பொழுதுபோக்கு" என்ற தலைப்பின் கீழ் "கல்லூரி நாடகங்களில் ஆர்வத்துடன் பங்கேற்றுள்ளேன்" என்று ஒரே வரியில் அடங்கிவிடும். இப்படிப்பட்ட ரெஸ்யூமேக்களை நான் பார்த்திருக்கிறேன். திறமை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. பக்கத்தில் மட்டும் அது தெரிவதில்லை. அதைத் தெரிய வைக்கும் வழிகளை இங்கு பார்க்கலாம்.

<b>யார் படிக்கிறார்கள்?</b>

மேடை வடிவமைப்பையும் தயாரிப்பையும் தனிப் பாடமாகக் கற்றுத் தரும் நிறுவனங்கள் பல உள்ளன. டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளி 1959ல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நாடகப் பட்டப் படிப்பு 1914லேயே தொடங்கிவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கு 2021ல் 15 கோடி டாலர் நன்கொடை கிடைத்ததால், அங்கு தேர்வாகும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. இது போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போதும், நாடகக் குழுக்களில் கோடை விடுமுறைப் பணி தேடும்போதும் ரெஸ்யூமே தேவைப்படும்.

நான் இங்கே விளக்கும் வடிவம் அமெரிக்க நாடகத் துறைகளில் நீண்ட காலமாகப் பழக்கத்தில் உள்ளது. நம் ஊர்க் குழுவிடம் கொடுப்பதற்கும் இது பொருந்தும். ஏனென்றால் எந்த ஊராக இருந்தாலும் படிப்பவர் நான்கு கேள்விகளுக்கே பதில் தேடுகிறார். என்ன நாடகம்? அதில் நீங்கள் செய்த பணி என்ன? யாருடன் செய்தீர்கள்? எங்கே, எப்போது நடந்தது? இந்த நான்கும் ஒரே பார்வையில் கண்ணில் பட வேண்டும். ரெஸ்யூமே அமைப்பின் முழு ரகசியமும் இதுதான்.

நடிகருக்கான ரெஸ்யூமே வேறு வகை. அதில் புகைப்படம், உயரம், குரல் வகை போன்றவை இருக்கும். மேடைக்குப் பின்னால் பணியாற்றுபவருக்கு இவை தேவையில்லை. இரண்டையும் செய்பவராக இருந்தால், இரண்டு தனித்தனி பைல்களாகத் தயாரித்துக் கொள்ளுங்கள்.

<b>முதலில் பேப்பர் அளவு</b>

டைப் செய்யத் தொடங்கும் முன் பேப்பர் அளவை முடிவு செய்திட வேண்டும். வேர்ட் தொகுப்பில் லே அவுட் டேப் கிளிக் செய்து, சைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் பயன்படுத்த ஏ4. அமெரிக்காவிற்கு அனுப்புவதாக இருந்தால் லெட்டர். ஏ4 தாள் 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. உயரமும் கொண்டது. லெட்டர் தாளின் அகலம் 21.59 செ.மீ.; உயரம் 27.94 செ.மீ. அதாவது லெட்டர் தாள் உயரத்தில் ஏறத்தாழ 1.8 செ.மீ. குறைவு. ஏ4 அளவில் கடைசி வரி வரை நிரப்பிய டாகுமெண்ட்டின் அளவைப் பின்னர் லெட்டர் என மாற்றினால், கடைசி இரண்டு மூன்று வரிகள் அடுத்த பக்கத்திற்கு ஓடிவிடும்.

மார்ஜின் நான்கு பக்கமும் 2 செ.மீ. போதும். எழுத்தின் அளவு 10 அல்லது 11 பாயிண்ட். பெயர் மட்டும் 16 முதல் 18 பாயிண்ட் வரை இருக்கலாம். ஒரே பாண்ட் பயன்படுத்துங்கள். நாடகத் துறை என்பதால் முகமூடிப் படம், திரைச்சீலைப் படம், அலங்கார எழுத்து எல்லாம் சேர்க்க ஆசை வரும். வேண்டாம். நீங்கள் வடிவமைப்பாளர் என்பதைக் காட்ட, நேராக நிற்கும் வரிசைகளும் அளவான வெற்றிடமும் போதும்.

மாணவருக்கு ஒரு பக்கம்தான். இரண்டாவது பக்கம் தேவைப்படுகிறது என்றால், எதையோ நீக்க மறந்துவிட்டோம் என்று பொருள்.

<b>தலைப்பகுதி</b>

முதல் வரியில் பெயர். அதன் கீழே நீங்கள் தேடும் பணி: "ஒளியமைப்பு", "மேடை நிர்வாகம்" என்பது போல. அடுத்து போன் எண், இமெயில் முகவரி, உங்கள் படைப்புகளின் படங்களை இணையத்தில் வைத்திருந்தால் அதன் முகவரி. வெளிநாட்டிற்கு அனுப்பும்போது போன் எண்ணுக்கு முன் 91 என்ற நாட்டுக் குறியீட்டைச் சேர்க்க வேண்டும்.

தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, "மேலே கூறியவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்" என்ற கடைசி வரி ஆகியவை நம் பயோடேட்டாவில் வழக்கமாக வருபவை. இந்த ரெஸ்யூமேயில் இவை எதற்கும் இடமில்லை. இவற்றை நீக்கினாலே இரண்டு நாடகங்களுக்கான இடம் கிடைத்துவிடும்.

<b>ஸ்பேஸ் பாரை விட்டுவிடுங்கள்</b>

இப்போது முக்கியமான பகுதிக்கு வருவோம். நாடகத்தின் பெயர், பணி, இயக்குநர், குழுவும் ஆண்டும் என நான்கு நெடுவரிசைகள் வேண்டும். புதியவர்கள் இதற்கு ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி இடைவெளி உண்டாக்குகிறார்கள். திரையில் ஓரளவு நேராகத் தெரியும். பிரிண்ட் எடுத்தால் கோணலாக இருக்கும். காரணம் எளிது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பாண்ட்களில் எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் கொண்டவை அல்ல. தமிழில் "ர" எடுத்துக் கொள்ளும் இடத்தைவிட "ண" அதிக இடம் எடுத்துக் கொள்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். எனவே எத்தனை ஸ்பேஸ் கொடுத்தாலும் அடுத்த சொல் சரியாக ஒரே கோட்டில் வந்து நிற்காது. பாண்ட்டை மாற்றிவிட்டால் உள்ளதும் குலைந்துவிடும்.

இதற்குச் சரியான வழி, கோடுகள் இல்லாத டேபிள். கீழ்க்காணும்படி செய்திடுங்கள்.

1. இன்செர்ட் டேப் கிளிக் செய்து, டேபிள் என்பதைத் தேர்ந்தெடுத்து, நான்கு நெடுவரிசைகளும் நான்கு வரிசைகளும் கொண்ட டேபிளை அமைத்திடுங்கள்.

2. ஒவ்வொரு கட்டத்திலும் டைப் செய்த பின் டேப் கீயை அழுத்தினால் அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம். கடைசிக் கட்டத்தில் டேப் கீயை அழுத்தினால் புதிய வரிசை தானாகவே கிடைக்கும்.

3. நெடுவரிசைகளுக்கு இடையே உள்ள கோட்டின் மீது கர்சரைக் கொண்டு சென்றால், அது இரு பக்க அம்புக்குறியாக மாறும். மவுஸால் பிடித்து இழுத்து, நாடகப் பெயருக்கு அதிக இடமும் மற்றவற்றிற்குத் தேவையான இடமும் கொடுங்கள்.

4. டேபிளின் இடது மேல் மூலையில் தோன்றும் நான்கு பக்க அம்புக்குறியில் கிளிக் செய்தால் முழு டேபிளும் தேர்வாகும். பின்னர் டேபிள் டிசைன் டேப்பில் பார்டர்ஸ் சென்று நோ பார்டர் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். கோடுகள் மறைந்து, நேரான வரிசைகள் மட்டும் நிற்கும்.

5. கோடுகள் இல்லாமல் வேலை செய்வது சிரமமாக இருந்தால், அதன் அருகிலேயே உள்ள டேபிள் லே அவுட் டேப்பில் வியூ கிரிட்லைன்ஸ் என்பதை இயக்குங்கள். திரையில் மெல்லிய புள்ளிக் கோடுகள் தெரியும், பிரிண்டில் வராது.

வேர்ட் தொகுப்பு இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். அதன் ரைட்டர் புரோகிராமிலும் இதே முறையில் டேபிள் அமைக்கலாம்.

டேபிளில் இன்னொரு வசதி உண்டு. நாடகத்தின் பெயர் நீளமாக இருந்தால், அது தன் கட்டத்திற்குள்ளேயே மடிந்து இரண்டாவது வரியாக அமையும். பக்கத்தில் உள்ள நெடுவரிசையைத் தள்ளிவிடாது.

<b>எது முதலில், எது பின்னால்?</b>

டேபிள் தயார். இனி வரிசை. எல்லா நாடகங்களையும் ஒரே பட்டியலாகப் போடாமல், பணியின் பொறுப்பைப் பொறுத்து மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள். முதல் பகுதி, நீங்களே வடிவமைப்பாளராக இருந்தவை. இரண்டாவது, உதவி வடிவமைப்பாளராக இருந்தவை. மூன்றாவது, லைட் போர்டு இயக்கியது, செட் கட்டியது, ஆடை மாற்ற உதவியது போன்ற பணிகள். ஒவ்வொரு பகுதிக்கும் சிறு தலைப்பு கொடுத்து, அதற்குள் அண்மையில் செய்ததை முதலில் வையுங்கள். மேடை நிர்வாகம் நாடுபவர் அந்தப் பணியையே முதல் பகுதியாக்க வேண்டும்.

ஒரு மாதிரி இதோ:

<b>ஒளியமைப்பு</b>
துக்ளக் | ஒளியமைப்பாளர் | இயக்குநர் பெயர் | கல்லூரி நாடகக் குழு, 2024

<b>உதவி வடிவமைப்பு</b>
மேக்பெத் | உதவி ஒளியமைப்பாளர் | ஒளியமைப்பாளர் பெயர் | நகர நாடகக் குழு, 2023

<b>மேடைப் பணி</b>
நந்தன் கதை | லைட் போர்டு இயக்குபவர் | ஒளியமைப்பாளர் பெயர் | கல்லூரி நாடகக் குழு, 2023

இரண்டாவது, மூன்றாவது பகுதிகளில் இயக்குநருக்குப் பதிலாக ஒளியமைப்பாளர் பெயர் இருப்பதைக் கவனியுங்கள். உதவியாளராக இருந்தபோது உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் அவர்தான். விசாரிக்க விரும்புபவர் அவரைத்தான் விசாரிப்பார்.

கல்லூரி நாடகம் என்று குறிப்பிடக் கூச்சப்பட வேண்டியதில்லை. மாணவரிடம் மாணவர் அனுபவத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அதை மறைத்து, பெரிய குழுவின் தயாரிப்பு போலத் தோன்ற வைப்பதுதான் தவறு.

பணியின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். வடிவமைப்பாளர் போட்டுக் கொடுத்த வரைபடத்தின்படி விளக்குகளை மாட்டியவர், "ஒளியமைப்பு" என்று எழுதிக் கொள்ளக்கூடாது. அந்தப் பெருமை வேறொருவருடையது. நாடக உலகம் மிகவும் சிறியது. ஒரு போன் அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். மற்ற ஏழு வரிகளும் சந்தேகத்திற்கு உள்ளாகும். அதற்கு மாறாக, "லைட் போர்டு இயக்குபவர்" என்று நேர்மையாக எழுதியவரிடம், "எந்த போர்டு? எத்தனை காட்சி மாற்றங்கள்?" என்று கேட்டால் அவரால் தயங்காமல் பதில் சொல்ல முடியும். அந்தப் பதிலில் வாய்ப்பு கிடைக்கலாம். நாடக நோட்டீஸில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன அச்சிடப்பட்டதோ, அதையே எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் தயாரிக்கும்போது தமிழ் நாடகப் பெயர்களின் ஸ்பெல்லிங்கையும் நோட்டீஸைப் பார்த்தே அமையுங்கள். "நந்தன்" என்பதில் "த" வரும் இடத்தில் எச் என்ற எழுத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதினால், ஒரே நாடகம் இரண்டு நாடகமாகத் தெரியும்.

<b>திறன்கள்</b>

"கடின உழைப்பாளி", "குழுவாக இயங்குபவர்" என்பனவற்றை எல்லோரும் எழுதுகிறார்கள்; யாரும் நம்புவதில்லை. செய்து காட்டக்கூடியதை எழுதுங்கள். தையல் மெஷின் இயக்குவேன், மரவேலைக் கருவிகள் தெரியும், ஏணியில் ஏறி விளக்கு மாட்டுவேன், ஓட்டுநர் உரிமம் உண்டு, என்னென்ன மொழிகள் பேசுவேன் என்பவை எல்லாம் தயாரிப்புப் பணியில் உண்மையான மதிப்பு உள்ளவை.

சாப்ட்வேர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மேடை வரைபடங்களுக்கு ஆட்டோகேட், வெக்டர்ஒர்க்ஸ், ஸ்கெட்ச்அப் போன்றவை பயன்படுகின்றன. ஒலி, வீடியோ காட்சிகளை வரிசையாக இயக்க கியூலேப் பயன்படுகிறது. இது மேக் கம்ப்யூட்டரில் மட்டுமே இயங்கும். இவற்றில் பழகியவை எவை, இப்போது கற்றுக் கொண்டிருப்பவை எவை என்று பிரித்து எழுதுவது நல்லது. எக்ஸெல் தெரிந்தால் அதையும் சேர்க்கலாம். பொருள்கள் பட்டியல், ஒத்திகை அட்டவணை, செலவுக் கணக்கு என மேடை நிர்வாகிக்குத் தினமும் அதில் வேலை இருக்கும்.

இதன் கீழே கல்வித் தகுதி இரண்டு வரிகள். கடைசியாக, உங்களைப் பற்றிச் சொல்லக் கூடிய மூன்று பேரின் பெயர், பொறுப்பு, போன், இமெயில். அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட வேண்டும்.

<b>தமிழில் தயாரிப்பவர்களுக்கு</b>

தமிழ்க் குழுக்களுக்குத் தமிழிலேயே ரெஸ்யூமே தரலாம். யூனிகோட் தமிழில் மட்டும் டைப் செய்திடுங்கள். டி.டி.பி. சென்டர்களில் பயன்படுத்தப்படும் பழைய வகை பாண்ட்களில், ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்தின் உருவம் வைக்கப்பட்டிருக்கும். அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் பைலைத் திறந்தால், உங்கள் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் தமிழுக்கெனத் தனி எண்கள் உள்ளதால் இந்தச் சிக்கல் இல்லை. விண்டோஸ் 8 தொகுப்பிலிருந்து தரப்படும் நிர்மலா யுஐ பாண்ட் இதற்குப் பொருத்தமானது.

<b>பி.டி.எப். ஆக மாற்றி அனுப்புங்கள்</b>

வேர்ட் பைலை அப்படியே அனுப்ப வேண்டாம். பெறுபவரிடம் உங்கள் பாண்ட் இல்லை என்றால் வேறொரு பாண்ட் அந்த இடத்தில் அமர்ந்துவிடும். வரிகள் நகரும். ஒரு பக்கம் இரண்டாகும். அடோப் நிறுவனம் 1993ல் வெளியிட்ட பி.டி.எப். பார்மட், 2008ல் உலகத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தரமாக ஏற்கப்பட்டது. இதில் பாண்ட்டைப் பைலுக்குள்ளேயே பதித்து அனுப்ப முடியும் என்பதால், எங்கு திறந்தாலும் பக்கம் மாறாது. வேர்ட் தொகுப்பில் எப்12 கீ அழுத்தி, சேவ் அஸ் விண்டோவில் பைல் வகையாக பி.டி.எப். தேர்ந்தெடுங்கள். ரைட்டரில் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அஸ் பிரிவில் இது கிடைக்கும்.

அனுப்பும் முன் நான்கு சோதனைகள்.

ஒன்று, பைலின் பெயர். வெறும் "ரெஸ்யூமே", "புதியது2" என்று இருந்தால், நூறு பைல்களுக்கு நடுவே உங்களுடையதைத் தேட முடியாது. உங்கள் பெயர், பணி, ஆண்டு ஆகிய மூன்றும் பைலின் பெயரில் இருக்கட்டும்.

இரண்டு, பைலுக்குள் மறைந்திருக்கும் பெயர். வேர்ட் தொகுப்பில் பைல், இன்போ சென்று பாருங்கள். ஆத்தர் என்ற இடத்தில், கம்ப்யூட்டரை உங்களுக்கு விற்ற கடையின் பெயரோ, நண்பரின் பெயரோ இருக்கலாம். அதன் மீது ரைட் கிளிக் செய்து திருத்தலாம். திருத்திய பிறகு பி.டி.எப். பைலை மறுபடியும் உருவாக்குங்கள்.

மூன்று, பி.டி.எப். பைலைத் திறந்து, கண்ட்ரோல் + ஏ அழுத்தி அனைத்தையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + சி மூலம் காப்பி செய்து, நோட்பேடில் கண்ட்ரோல் + வி அழுத்தி ஒட்டிப் பாருங்கள். பெயர், பணி, குழு எல்லாம் வரிசை கலையாமல் வந்தால் நல்லது. சில இடங்களில் ஆன்லைன் படிவத்தில் பைலை ஏற்றியதும், கம்ப்யூட்டரே அதிலுள்ள வரிகளைப் பிரித்து எடுத்துக் கொள்ளும். வரிசை கலைந்து வந்தால், அங்கே நீங்களே டைப் செய்து நிரப்பிவிட வேண்டும்.

நான்கு, மொபைல் போனில் ஒரு முறை திறந்து பாருங்கள். கருப்பு வெள்ளையில் ஒரு பிரிண்ட் எடுங்கள். வண்ணத்தில் அழகாக இருந்த இளமஞ்சள் தலைப்பு, பேப்பரில் காணாமல் போயிருக்கும்.

<b>மூல பைல் ஒன்று, பிரதிகள் பல</b>

நீங்கள் பணியாற்றிய எல்லா நாடகங்களையும் கொண்ட நீளமான வேர்ட் பைல் ஒன்றைத் தனியாக வைத்துக் கொள்ளுங்கள். அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு நாடகம் முடிந்த மறுநாளே, நோட்டீஸைக் கையில் வைத்துக் கொண்டு, அதில் ஒரு வரிசையைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இயக்குநரின் பெயருக்கு என்ன இனிஷியல் என்று தேடி அலைய வேண்டியிருக்காது. விண்ணப்பிக்கும்போது இதைக் காப்பி எடுத்து, அந்த இடத்திற்குத் தேவையில்லாத வரிசைகளை நீக்கி, ஒரு பக்கமாக்கி அனுப்பலாம். மூல பைலை ஒரு பென் டிரைவிலும், உங்கள் இமெயிலிலும் பிரதி எடுத்து வைப்பது அவசியம்.

நாடகம் முடிந்தால் செட்டைப் பிரித்துவிடுவார்கள், விளக்குகளை இறக்கிவிடுவார்கள். மேடைக்குப் பின்னால் நின்றவரின் உழைப்புக்கு மிஞ்சுவது நோட்டீஸில் ஒரு வரிதான். அந்த வரி உங்கள் ரெஸ்யூமேயில் சரியான இடத்தில், சரியான பெயருடன் இருக்கிறதா என்று இன்றே திறந்து பார்த்துவிடுங்கள்.